வோன்மொபிலில் குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது? (8 வயது, 3 வயது, கூடவே அத்தை)

இசார்க்கரை | மியூனிக்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வோன்மொபில் (உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் கார்டா ஏரி வரை போய்வரத் திட்டம். நாங்கள் இருவர், மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3 வயது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். மொத்தம் ஐந்து பேர்.

அத்தைக்கு முழங்கால் வலி. ஏணி ஏற முடியாது, ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்து போவார். மகன் என் பக்கத்தில்தான் படுக்கிறான், என் துப்பட்டா கையில் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கமே வரும். மகள் மேல் கட்டில் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

வாடகைக் கடையில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று ஆல்கோவன்: ஓட்டுநர் தலைக்கு மேலே பெரிய படுக்கை, பின்னால் குறுக்கே இரண்டடுக்குக் கட்டில், நடுவில் சாப்பாட்டு மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை. ஆறு பேர் படுக்கலாமாம். இன்னொன்று உயரம் குறைவு, ஓட்டச் சுலபம்: கூரையிலிருந்து இறங்கும் கட்டில், பின்னால் எப்போதும் விரித்தே இருக்கும் இரட்டைக் கட்டில், மேசைக் கட்டில். அதில் ஐந்து பேர் என்றார்கள். என் கணவருக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

யாரை எங்கே படுக்க வைப்பது என்று தாளில் படம் போட்டுப் பார்த்தும் தெளிவு வரவில்லை. குழந்தைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிக்காற்று | டோர்ட்முண்ட்

தங்கச்சி, ஆல்கோவனை எடுங்கோ. நாங்கள் மூண்டு பிள்ளையளோட வருசக்கணக்கா ஆல்கோவனிலதான் திரியிறம். பார்க்க அவ்வளவு வடிவில்லை, பெருந்தெருவில காத்தடிச்சா உலுப்பும், டீசலும் கூடக் குடிக்கும். ஆனா பிள்ளையளுக்கு எண்டு ஒரு நிரந்தரக் கட்டில் இருக்கிறதின்ர அருமை மழை பெய்யிற அண்டைக்குத்தான் விளங்கும்.

மழை பெய்யுது, வெளியில குந்தி இருக்கேலாது. பிள்ளையள் எட்டு மணிக்குப் படுக்க வேணும். மேசையைக் கட்டிலாக்கினா மற்ற எல்லாரும் எங்க இருக்கிறது? இறங்குற கட்டிலும் உதே கதைதான். அனேகமா அது இருக்கைக்கு நேர மேலதான் வரும். அதை இறக்கின உடன கீழ நிமிர்ந்து இருக்கேலாது. பெரியாக்கள் மூண்டுபேரும் எட்டு மணிக்கே விளக்கை அணைச்சுப்போட்டுப் படுக்க வேண்டியதுதான்.

பின்னால அடுக்குக் கட்டில் இருந்தா பிள்ளையளைப் படுத்திப்போட்டு சீலையை இழுத்து விடலாம். நீங்கள் முன்னால இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கலாம். பகலிலயும் சின்னவனுக்கு நித்திரை வந்தா, வண்டி நிண்ட இடத்தில உடன கிடத்தலாம். விளையாட்டுச் சாமான், புத்தகம், தலையணை எல்லாம் அந்தக் கட்டிலிலயே கிடக்கும்.

என்ர கணக்குப்படி: மாமி பின்னால கீழ்க் கட்டிலில, மகள் அதுக்கு மேல. நீங்களும் சின்னவனும் முன்னால மேல, ஆல்கோவனில. அவரை மேசைக் கட்டிலுக்கு விடுங்கோ.

தச்சன் | ஸ்டுட்கார்ட்

வோன்மொபில் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். படுக்கையை எண்ணுவதற்கு முன்னால் பெல்ட்டை எண்ணுங்கள்.

ஒரு வண்டியில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதும், ஓடும்போது எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் வேறு வேறு எண்கள். ஆறு படுக்கை, நான்கு பெல்ட் என்று நிறைய வண்டிகள் ஓடுகின்றன. ஜெர்மனியில் பெல்ட் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்ற முடியாது. பதிவுச் சான்றிதழின் முதல் பாகத்தில் எஸ்.1 என்ற கட்டத்தைப் பாருங்கள், ஓட்டுநரையும் சேர்த்து எத்தனை இருக்கை என்று அதில் இருக்கும். கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிடுங்கள், அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் கணக்கு.

அடுத்து, அந்த இருக்கைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? ஆல்கோவனில் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு இருக்கை இருக்கும். இரண்டு முன்னோக்கி, இரண்டு பின்னோக்கி. குழந்தை இருக்கையை முன்னோக்கிய இருக்கையில் மட்டுமே பொருத்தலாம் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. உங்கள் மகன், மகள் இருவருக்கும் குழந்தை இருக்கை வேண்டும். ஜெர்மனியில் 12 வயது முடியும் வரை, உயரம் 150 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கட்டாயம். ஆக முன்னோக்கிய இரண்டும் குழந்தைகளுக்குப் போய்விடும். அத்தை ஓட்டுநர் பக்கத்தில், நீங்கள் குழந்தைகளுக்கு எதிரில் பின்னோக்கி. பின்னோக்கி உட்கார்ந்தால் உங்களுக்குத் தலை சுற்றுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பிரென்னர் மலைப்பாதை.

அந்த இருக்கைகளில் தோளுக்கும் இடுப்புக்குமான மூன்று முனை பெல்ட் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும். மகளுடைய இருக்கை அதில் நிற்காது. மகனுடைய இருக்கைக்குத் தரையில் ஊன்றும் கால் இருக்கிறதா? இருந்தால் கவனம். நிறைய வண்டிகளில் மேசைக்குக் கீழே தரை வெற்றுப் பெட்டிதான், சாமான் வைக்கும் இடம். அதன் மூடி மேல் அந்தக் காலை ஊன்றக் கூடாது. மோதினால் மூடி உள்ளே போய்விடும்.

இசார்க்கரை | மியூனிக்

தச்சன் அண்ணா, மிக்க நன்றி. இன்று மாலை கடைக்குப் போய் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். கணவர் ஆசைப்பட்ட வண்டியில் எஸ்.1 கட்டத்தில் 4 என்று இருக்கிறது! ஐந்து பேருக்குப் படுக்கை, நான்கு பேருக்கு இருக்கை. கடைக்காரர் இதைப்பற்றி மூச்சே விடவில்லை. ஆல்கோவனில் 6, எல்லாம் மூன்று முனை பெல்ட். ஆக அதுதான் என்று முடிவாகிவிட்டது.

இனி படுக்கைப் பிரச்சினை மட்டும். வன்னிக்காற்று அண்ணா சொன்னதில் அத்தையும் மகளும் பின்னால் என்பது சரியாகத் தோன்றுகிறது. மகனை அவ்வளவு உயரத்தில் ஏற்றத்தான் மனம் வரவில்லை. அந்த ஆல்கோவன் படுக்கை என் தலை உயரத்தில் இருக்கிறது.

மருதம் | பர்மிங்காம்

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அதை விட்டுவிடாதீர்கள் சகோதரி.

அடுக்குக் கட்டில்களுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 747, ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மேல் கட்டில் ஏற்றதல்ல என்கிறது. அமெரிக்க விதியும் அதே வயதைத்தான் சொல்கிறது. அது வீட்டுக் கட்டிலுக்கு எழுதியதுதான், ஆனால் காரணம் வண்டிக்கும் பொருந்தும். மூன்று வயதுக் குழந்தை பாதித் தூக்கத்தில் எழுந்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் தரையோ தாழ்ந்த கட்டிலோ பழகியிருக்கும். அந்த நினைப்பிலேயே கால் எடுத்து வைக்கும். வண்டிக்குள் கீழே விழுந்தால் வெறும் தரைகூடக் கிடையாது, மேசை விளிம்பு, அடுப்பு விளிம்பு, படி என்று எல்லாம் நெருக்கமாக இருக்கும்.

உங்கள் மகளுக்கு மேல் கட்டில் சரி. ஆனாலும் தடுப்பைக் கையால் அளந்து பாருங்கள். மெத்தை போட்ட பிறகு அதற்கு மேல் தடுப்பு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்க விதியில் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 13 செ.மீ. மெத்தை மேல் இன்னொரு கனமான மெத்தை விரித்தால் அந்த உயரம் போய்விடும். வாடகை வண்டியில் மெத்தை கடினமாக இருக்கிறது என்று வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு போய்ப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

மகனுக்கு மேசைக் கட்டில், பக்கத்தில் நீங்கள். அவன் சுவர்ப்பக்கம், நீங்கள் நடைவழிப் பக்கம். கணவர் மேலே தனியாகப் படுக்கட்டும். என் யோசனை அவ்வளவுதான்.

வன்னிக்காற்று | டோர்ட்முண்ட்

மருதம் அக்கா சொல்லுறது தனியப் படுக்கிற பிள்ளைக்குச் சரி. நான் சொன்னது தாயோட படுக்கிற பிள்ளைக்கு. ஆல்கோவன்ர விளிம்பில வலை கிடக்கு, கூரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையில பட்டியால இறுக்கிக் கட்டுற வலை. பிள்ளை முன் கண்ணாடிப் பக்கம், தாய் வலைப்பக்கம். எங்கட கடைசி ரண்டு வயசில இருந்தே அப்பிடித்தான் படுத்தவள்.

இரவு நேரம் எனக்குப் பயமில்லை. பகல் நேரம்தான் பயம். பெரியாக்கள் வெளியில கதைச்சுக்கொண்டு நிக்கேக்க பிள்ளை தானா ஏணியில ஏறிப் போயிரும், அப்ப வலையும் இல்லை, தாயும் இல்லை. அதால எழும்பின உடன ஏணியைக் கழட்டி குளிக்கிற அறைக்குள்ள வைச்சிருவம். அது எங்கட வீட்டுச் சட்டம்.

தச்சன் | ஸ்டுட்கார்ட்

வலை விஷயத்தில் ஒன்று. வலை இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், கடையிலேயே அதைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாடகை வண்டிகளில் அது பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் சுருண்டு கிடக்கும், கொக்கி ஒன்று காணாமல் போயிருக்கும், பட்டி இறுகாது. இறுக்கிய பிறகு உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். தொய்ந்து வெளியே வந்தால் அது குழந்தையைத் தாங்காது. பின்னாலுள்ள மேல் கட்டிலுக்கு எடை வரம்பு இருக்கும், ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள். 8 வயதுக்காரிக்குச் சிக்கலில்லை. ஆனால் அவளுக்குக் கதை சொல்ல அப்பாவும் ஏறிப் படுத்தால் வரம்பு தாண்டிவிடும்.

தேம்ஸ்_தென்றல் | லண்டன்

எங்களிடம் இருப்பது சின்ன ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன், கூரை மேலே உயரும் வகை. ஐந்து பேர் விஷயத்துக்கு இது உதவாது, ஆனால் இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வண்டியில் எல்லோரும் குழந்தைகளை மேலே ஏற்றிவிட்டுப் பெற்றோர் கீழே படுக்கலாம் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். சின்னக் குழந்தை இருந்தால் நேர்மாறாகச் செய்யுங்கள். மேலே சுவர் என்பதே துணிதான். இரவில் குளிர், காற்றில் படபடவென்று சத்தம், பக்கத்து வண்டியில் இருமினாலும் கேட்கும். ஏறி இறங்கும் வழி தரையில் திறந்த பொந்து மாதிரி இருக்கும். நானும் மனைவியும் மேலே, பையன்கள் இருவரும் கீழே பின்னிருக்கைப் படுக்கையில். அவர்கள் உருண்டாலும் சுவரில்தான் முட்டுவார்கள்.

பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்களில் முன்னிருக்கைகளுக்கு மேலே இரண்டு கம்பிகளில் கான்வாஸ் துணியை மாட்டி ஒரு குழந்தைப் படுக்கை வரும். இப்போதும் அதே மாதிரி விற்கிறார்கள். நான்கு, ஐந்து வயதில் குழந்தைக்கு அது சொர்க்கம். ஆனால் எடை வரம்பு குறைவு, உயரமும் சீக்கிரம் போதாமல் போகும். தவிர, இரவில் அவசரமாக வண்டியை எடுக்க வேண்டி வந்தால் முதலில் குழந்தையை எழுப்பி அதைக் கழற்ற வேண்டும்.

ஸ்காட்லாந்தின் வட கடற்கரையில் ஜூன் மாதம் நாங்கள் பட்ட பாடு படுக்கையால் வந்ததல்ல, வெளிச்சத்தால். இரவு பத்து மணிக்கும் வெயில், விடியற்காலை நான்கரைக்கெல்லாம் பளீரென்று சூரியன். டர்னஸில் கடலை ஒட்டிய மேட்டில் நின்றோம், கண்ணுக்கு அவ்வளவு அழகு. பையன்கள் தூங்கத்தான் மாட்டேன் என்றார்கள்.

வடதிசை | ஒஸ்லோ

வெளிச்சம் என்றால் எங்கள் ஊரைத்தான் கேட்க வேண்டும். நார்வேயின் வடகோடியிலுள்ள நோர்ட்காப்பில் மே மாத நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. அங்கே குழந்தைகளைக் கூட்டிப் போன அனுபவத்தில் சொல்கிறேன்: வண்டியிலுள்ள மறைப்புத் திரை ஜன்னலுக்குப் போதும், வெளிச்சம் வருவது கூரைக் கதவு வழியாகவும் முன்பக்கக் கண்ணாடி வழியாகவும்தான். முன் கண்ணாடிக்கு உள்ளே உறிஞ்சுப் பிடிப்பால் ஒட்டும் வெள்ளிநிற வெப்பத் தடுப்புப் பாய் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டாவில் ஆகஸ்ட் மாதம் எட்டரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஆனால் உங்கள் மகன் தூங்கப் போகும் நேரத்தில் கேம்ப்சைட் முழுக்க விளக்கும் விளையாட்டுமாக இருக்கும். அதற்கும் இதுவே உதவும். பகலில் வெயிலையும் தடுக்கும்.

ஆல்கோவனைப் பற்றி இன்னொன்று. சூடு மேலே ஏறும். ஆகஸ்டில் கார்டா ஏரிக்கரையில் அந்த மேல் படுக்கை ராத்திரி பதினோரு மணி வரை அனலாக இருக்கும். ஏரி கடல்மட்டத்திலிருந்து வெறும் 65 மீட்டர் உயரத்தில், பிரென்னர் 1,370 மீட்டர் உயரத்தில். ஒரே பயணத்தில் இரண்டு காலநிலை. பிரென்னர் பக்கம் ஓர் இரவு தங்கினால் விடியற்காலை அதே ஆல்கோவன் குளிரும், அது மூன்று பக்கமும் வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். உங்கள் கணவர் மேலே என்றால் அவர் சமாளித்துக்கொள்வார். குழந்தையைக் கீழே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

பின்னாலுள்ள கட்டில்களில் மெத்தை சுவரைத் தொடும் இடத்தில் விடியும்போது ஈரம் கோக்கும். ஐந்து பேர் மூச்சு விடுகிறீர்கள், அது எங்கேயாவது போய்ப் படியத்தானே வேண்டும். கூரைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி அடியில் காற்றுப் படவிடுங்கள்.

இசார்க்கரை | மியூனிக்

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கணவர் ஒன்று கேட்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது. குழந்தைகளைப் பின்னால் கட்டிலிலேயே தூங்க வைத்துக்கொண்டு ஓட்டலாமா? ஊரில் ஸ்லீப்பர் பஸ்ஸில் அப்படித்தானே போகிறோம் என்கிறார்.

தச்சன் | ஸ்டுட்கார்ட்

கூடவே கூடாது. சட்டமும் அதுதான், வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட்டோடு இருக்கையில் இருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஓர் அவசர பிரேக் போதும். கட்டிலில் இருக்கும் குழந்தையை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை. அந்த வலை தூக்கத்தில் உருளும் உடம்பைத் தாங்கச் செய்தது, 80 கி.மீ. வேகத்தில் பறந்து வரும் உடம்பைத் தாங்கச் செய்ததல்ல. இந்த வண்டியின் பின்பக்கம் மெல்லிய தகடும் நுரையும் மரச்சட்டமும்தான். நான் தினமும் பிரித்துப் பார்க்கிறேன்.

இரவில்தான் கிளம்ப வேண்டுமென்றால் குழந்தைகளுக்கு இரவு உடை போட்டு, பல் துலக்கி, இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். அங்கேயே தூங்கிவிடுவார்கள். நின்ற பிறகு தூக்கிக் கட்டிலில் போடுங்கள். போகும்போது நடுவழியில் நிற்பதானால் எங்கே என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநிலத்தில் கேம்ப்சைட்டுக்கு வெளியே வண்டியில் தங்கத் தடை இருக்கிறது.

குளிருக்கு ஹீட்டர் போடும்போது: எரிவாயு ஹீட்டர் வெளிக்காற்றை எடுத்துப் புகையை வெளியே விடும் வகைதான், முறையாகப் பராமரித்திருந்தால் பயமில்லை. ஆனாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள். கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே கொண்டு வராதீர்கள். தரையில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறும். குளிர்கிறது என்று மேசைக் கட்டிலுக்குக் கீழே துணியை அடைத்து அவற்றை மூடிவிட வேண்டாம்.

மல்லிப்பந்தல் | பிராங்க்பர்ட்

எல்லோரும் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறீர்கள், அத்தையைப் பற்றி நான் சொல்கிறேன். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே மாதிரி வண்டியில் போயிருக்கிறேன்.

கீழ்க் கட்டில் அவருக்குச் சரிதான், பாத்ரூமும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் கட்டில்களுக்கு இடையில் உயரம் போதாது, நிமிர்ந்து உட்கார முடியாது. முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க முதலில் உட்கார வேண்டும், காலைத் தரையில் ஊன்ற வேண்டும், கையால் எதையாவது பிடிக்க வேண்டும். தலை மேல் கட்டிலில் இடிக்கும். நாங்கள் அம்மாவை ஒருக்களித்துப் படுத்து, காலை முதலில் வெளியே விட்டு, பிறகு குனிந்தபடியே எழச் சொல்லிக் கடையிலேயே பழக்கினோம். உங்கள் அத்தையையும் நேரில் கூட்டிப் போய்ப் படுத்து எழச் சொல்லிப் பாருங்கள். சங்கடப்படாதீர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள் படுத்துப் பார்ப்பது அவர்களுக்கு வழக்கம்தான்.

ஏணி எங்கே மாட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். அத்தை எழும் இடத்தில் ஏணி நின்றால் இருட்டில் இடறும். மகளிடம், இரவில் இறங்குவதானால் முதலில் பாட்டியைக் கூப்பிடு என்று சொல்லி வையுங்கள். இருவர் கைக்கும் எட்டும் இடத்தில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு ஒட்டிவிடுங்கள்.

வண்டியை நிறுத்தும் இடம் சாய்வாக இருந்தால், குறுக்குக் கட்டிலில் படுப்பவர்களின் தலை தாழ்ந்துபோகும். அம்மாவுக்கு முதல் நாளே தலைவலி. சக்கரத்துக்குக் கீழே வைக்கும் பிளாஸ்டிக் ஆப்பு வண்டியோடு வரும். இடவலமாக மட்டம் பார்த்து நிறுத்துங்கள், இல்லையென்றால் தலை வைக்கும் பக்கத்தை மாற்றுங்கள்.

மகனுக்கு ராத்திரி டயப்பர் விட்டாயிற்றா? விட்டிருந்தாலும் ரப்பர் ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பழைய பழக்கம் திரும்பும். அந்த மெத்தை நனைந்தால் காய வைக்க வழியே இல்லை.

இசார்க்கரை | மியூனிக்

அத்தை நேற்று வந்து படுத்துப் பார்த்தார். முதல் முறை தலை இடித்தது, மல்லிப்பந்தல் அக்கா சொன்ன மாதிரி செய்ததும் சுலபமாக எழுந்துவிட்டார். "ரயில்ல கீழ் பெர்த் கெடச்ச மாதிரி இருக்கு" என்றார், சந்தோஷம்தான்.

முடிவு இது. பின்னால் கீழே அத்தை, மேலே மகள். நானும் மகனும் மேசைக் கட்டிலில். ஆல்கோவனில் கணவர். மகன் தூங்கும் நேரம் வந்தால் முதலில் அத்தை கட்டிலில் அவனைக் கிடத்தி, அத்தையே கதை சொல்லித் தூங்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் சாப்பிட்டு முடித்து மேசையை இறக்கியதும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். வெளியே உட்கார முடிகிற நாளில் மேசையை முன்பே இறக்கிவிடுவோம். வன்னிக்காற்று அண்ணா, உங்கள் ஏணிச் சட்டம் எங்களுக்கும் சட்டம்தான். அந்த வலையையும் கட்டிக் காட்டச் சொன்னேன், ஒரு கொக்கி இல்லை. மாற்றித் தருகிறேன் என்றார்கள்.

இரவுப் பயணம் ரத்து. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.

ரைன்பூ | பாசல்

இடையில வந்து கேட்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்களுக்கு 7 மாசக் கைக்குழந்தை. செப்டெம்பரில வோன்மொபிலில பிரான்சுக்குப் போக இருக்கிறம். பிள்ளை ஏணையில (தூளியில) மட்டும்தான் நித்திரை கொள்ளுவான். அம்மா பிறந்த நாளில இருந்தே சீலை ஏணை கட்டிப் பழக்கிப்போட்டா. வண்டிக்குள்ள கூரையில ஒரு கொக்கி போட்டு ஏணை கட்டேலுமோ? அல்லது மேல் கட்டில் சட்டத்தில கட்டலாமோ?

தச்சன் | ஸ்டுட்கார்ட்

கூரையில் கொக்கி வேண்டாம். வோன்மொபில் கூரை வீட்டுக் கூரை மாதிரி இல்லை. வெளியே மெல்லிய அலுமினியமோ ஃபைபரோ, உள்ளே மெல்லிய பலகை, நடுவில் நுரை. திருகாணி பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, பிடித்த மாதிரி தெரிந்தாலும் ஆட ஆடப் பிய்ந்து வரும். கூரையைத் துளைத்தால் மழைநீர் இறங்கிப் பலகை உளுத்துப்போகும், வாடகை வண்டியென்றால் பெரிய செலவு. மேல் கட்டில் சட்டம் மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கச் செய்தது, தூளி மாதிரி ஆடும் எடை பக்கவாட்டில் இழுக்கும். மடிப்புக் கீல் உள்ள கட்டில் என்றால் இன்னும் மோசம்.

மருதம் | பர்மிங்காம்

ரைன்பூ, தூளியில் வளர்ந்த பிள்ளைகள்தான் நாமெல்லாம், உங்கள் அம்மா செய்ததில் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இரவு முழுவதும் தூங்குவதற்குக் கைக்குழந்தைக்குத் தட்டையான, உறுதியான இடம் வேண்டும், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். துணி வளைந்து குழந்தையின் தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சு தடைபடலாம். வண்டிக்குள் இருட்டு, நீங்களும் பயணக் களைப்பில் இருப்பீர்கள்.

மடிக்கும் பயணத் தொட்டில் ஒன்று வாங்குங்கள். அதனோடு வரும் மெத்தை மட்டும் போதும். தலையணை, போர்வை, ஓரத்தில் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். குளிருக்குக் குழந்தை அளவுக்கான தூக்கப் பை போடுங்கள். அறை வெப்பநிலை 16 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. ஒரு சின்ன வெப்பமானியைத் தொட்டில் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். வண்டிக்குள் சூடு மிக வேகமாக ஏறும், இறங்கும், நம் உடம்பு சொல்வதை நம்ப முடியாது. பெரியவர்கள் இருவரும் படுக்கிற ஒடுங்கலான கட்டிலில் நடுவில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கார் இருக்கையில் தூங்கிவிட்டால், வண்டி நின்றதும் தூக்கித் தொட்டிலில் போடுங்கள். "எழுப்ப வேண்டாமே" என்று அதிலேயே இரவெல்லாம் விட்டுவிடக் கூடாது. அடிக்கடி நிறுத்திப் பிள்ளையை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் காலை நீட்ட விடுங்கள். பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் வைப்பதென்றால் ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும்.

வன்னிக்காற்று | டோர்ட்முண்ட்

ரைன்பூ தங்கச்சி, எங்கட மூத்தவனும் ஏணைப் பிள்ளைதான். இப்ப இருந்தே பகல் நித்திரையைப் பயணத் தொட்டிலுக்கு மாத்துங்கோ. ஏணையில ஆட்டி, கண் சொருகினதும் தூக்கித் தொட்டிலில கிடத்தி, நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கோ. முதல் கொஞ்ச நாள் அழுவான். பகல் பழகின பிறகு இரவு. செப்டெம்பருக்கு இன்னும் நாள் கிடக்கு.

தொட்டில் வாங்க முதல் வண்டியை அளவுங்கோ. வழமையான தொட்டில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் வரும், அனேகமான வண்டியில நடைவழி அதைவிட ஒடுக்கம். எங்கட வண்டியில மேசையை இறக்கி அதுக்கு மேல வைச்சனாங்கள், கால் நாலும் பலகையில சரியா ஊண்டி நிக்குதோ எண்டு பார்த்து, பட்டியால கட்டி. இன்னொரு வண்டியில பின் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில மட்டும்தான் இடம் கிடந்தது. வாடகைக்கு எடுக்கிற கடைக்குத் தொட்டிலையும் கொண்டு போய், உள்ள விரிச்சு வைச்சு, கதவு திறக்குதோ, நீங்கள் இரவில அதைத் தாண்டிப் போகேலுமோ எண்டு பாருங்கோ. பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கோ.